பரிசலுக்கு முன்பக்கம் கிடையாது

இது எனக்கு நடந்தது அல்ல. புனேயில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் இந்துமதி சொன்னது. மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இரண்டாவது முறை குறிப்பும் எடுத்தேன். சொல்லும்போதெல்லாம் அவள் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வந்து, கையில் இல்லாத துடுப்பைப் போட ஆரம்பித்துவிடுவாள். காவிரியை நான் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன், பரிசலைத் தொட்டதுகூட இல்லை. அதனால் தண்ணீரைப் பற்றி இதில் ஏதாவது தவறு இருந்தால் அது நான் கேட்டுக்கொண்டதில் நேர்ந்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் முதலில் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள்தான். பயப்படுவது எப்படி இருக்கும் என்று மட்டும் அவள் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இனி 'நான்' என்று வருவது அவள்.

போன் பாலிதீன் பையில், அந்தப் பை இன்னொரு பையில், அது துப்பட்டாவில் முடிந்து தோளில், இடுப்பில் மிதப்புக்குக் காலி எண்ணெய்க் கேன் கட்டியிருக்கிறது, முடிச்சு சரியாக இருக்கிறதா, இருக்கிறது, இப்போதுதானே பார்த்தேன், இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன், இருக்கிறது. நீச்சல் தெரியும். ஆனால் கடைசியாக நீந்தியது ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில். நீச்சல் மறக்காது என்கிறார்கள், ஆங்கில இலக்கணம்கூட மறக்காது என்றுதான் சொன்னார்கள். பரிசலுக்குள் வெயில் ஏறிய தாரின் வாசம், நேற்றைய மீனின் வாசம், காலுக்குக் கீழே மூங்கில் பத்தைகள் முனகுகின்றன, கரை பின்னால் நகர்கிறது, இல்லை, நான்தான் நகர்கிறேன், கிளம்பிவிட்டேன், ஐயோ, கிளம்பிவிட்டேன். நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது. இது பயமா? நேர்முகத்தேர்வு அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அடித்ததும் இப்படித்தான், ஆனால் அப்போது கை சில்லிட்டிருந்தது, இப்போது உள்ளங்கை சுடுகிறது, துடுப்பை இன்னும் கெட்டியாகப் பிடிக்கத் தோன்றுகிறது. கரையில் மீன் அறுக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், சரசக்கா குரல் மட்டும் தண்ணீர்மேல் ஓடி வருகிறது, "பேனாவக் கீழ வெச்சுப்போட்டுத் துடுப்பத் தூக்கிட்டயா அம்முணி?" எல்லோரும் சிரிக்கிறார்கள். அம்மா சிரிக்கவில்லை. அம்மா நிமிரவும் இல்லை, ஜிலேபிக் கெண்டையின் செதிலைச் சுரண்டிக்கொண்டே, "போறவளப் போவ உடுங்க. ஒருத்தரும் பொறத்தால பரிசல் எடுத்துட்டுப் போவக் கூடாது, சொல்லிப்போட்டேன்" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மாவின் பேச்சு எனக்கு எவ்வளவு தூரத்திலும் கேட்கும். கல்லூரி விடுதியில் இருந்தபோதுகூடக் கேட்டது.

புதன்கிழமை சொன்னதும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஒன்றாம் தேதி புனேயில் சேர வேண்டும், பயிற்சிப் பொறியாளர், கடிதம் வந்து மூன்று வாரம், அதை எத்தனை தடவை படித்தேன் என்றால், எந்த வரியில் கமா விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வேன். அப்பாவைக் கேட்டேன், "உங்கம்மாளக் கேளு" என்று வலையை உதறப் போய்விட்டார். அம்மாளைக் கேட்டேன். "ஈரோடு பஸ் ஸ்டாண்டுல ரோட்டத் தாண்டறதுக்கு அண்ணன வரச் சொல்லிப் போன் போடறவ நீயி. புனே எங்க கெடக்குது, நீ எங்க கெடக்கற? மொதல்ல இந்த ஆத்தத் தனியாத் தாண்டி, அக்கரைல உன்ற மாமன் கடைல ஒரு டீ குடிச்சுப்போட்டு வா. அப்பறம் அனுப்பறேன்." அனுப்ப மாட்டேன் என்பதை அம்மா இப்படித்தான் சொல்லும். இந்த ஆற்றைத் தனியாகத் தாண்டி. இந்த ஆற்றை. தனியாக. பரிசல்காரர் வீட்டில் பிறந்து பரிசல் போடத் தெரியாதவள் எங்கள் துறையில் நான் ஒருத்திதான். மாதேஷ் அண்ணன் பத்து வயதில் போட்டான், சித்தப்பா பெண்கள் இரண்டு பேரும் போடுவார்கள், எனக்கு மட்டும் எப்போதும் டெஸ்ட் இருந்தது, ரெக்கார்டு நோட்டு இருந்தது, "அவ படிக்கற புள்ள, அவளக் கூப்புடாதீங்க" இருந்தது. நேர்முகத்தேர்வில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள், படிப்பது என்றேன். ஊர் என்ன என்றார்கள், ஈரோடு பக்கம் என்றேன். ஆறு என்று சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வருமே, அப்படியென்றால் உனக்குப் பரிசல் போடத் தெரியுமா என்று. அவர்கள் அதைக் கேட்டிருக்கவே மாட்டார்கள் என்பது இப்போது தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது. துடுப்பைப் போடு.

எல்லாம் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், படகும் ஆறும், பரீட்சையில் ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்லை. ஆறு குறுக்கே ஓடுகிறது, படகு நேர் எதிரே போய்ச் சேர வேண்டும், அப்படியானால் படகை எவ்வளவு சாய்த்து மேல்நோக்கிச் செலுத்த வேண்டும்? நேற்றுச் சாயங்காலம் துறையில் காய்ந்த தேங்காய்த் தொட்டியை மூன்று தடவை தண்ணீரில் விட்டு, போனில் நேரம் பார்த்து, மூன்றுக்கும் சராசரி எடுத்தேன். ஆற்றின் அகலம் முந்நூற்றைம்பது மீட்டர், வரைபடத்தில் பார்த்தது. முப்பத்தேழு பாகை மேல்நோக்கி. எதிர்க்கரையில் மாமா கடைக்கு இடப்புறம் கொஞ்சம் மேலே ஒரு செல்போன் கோபுரம் இருக்கிறது, அதைக் குறிவைத்துப் போனால் ஆறு தள்ளுவதும் நான் போவதும் சரிக்குச் சரியாகி மாமா கடை பெஞ்சில் போய் இடிப்பேன். அழகான விடை. இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அண்ணன் சிரிப்பான், ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு குறுகுறுப்பு, இந்தத் துறையில் யாரும் கோணம் போட்டு ஆற்றைத் தாண்டியிருக்க மாட்டார்கள், நான்தான் முதல். கோபுரத்தைப் பார்க்கிறேன். வலப்புறம் துடுப்பைப் போட்டு இழுக்கிறேன். கோபுரம் நகர்கிறது. இன்னொரு தடவை இழுக்கிறேன். கோபுரம் காணோம். கோபுரம் இருந்த இடத்தில் மேட்டூர்ப் பக்கத்து மலை இருக்கிறது, மலை இருந்த இடத்தில் எங்கள் துறை வருகிறது, அம்மாவின் பச்சைப் புடவை, சரசக்காவின் தலை, பிறகு கீழே தூரத்தில் கதவணையின் தூண்கள், பிறகு மாமா கடையின் நீலத் தகரம், பிறகு மறுபடியும் கோபுரம், வணக்கம் கோபுரமே, போய்விட்டது. சுற்றுகிறேன். இடப்புறம் போடுகிறேன், இப்போது அந்தப் பக்கமாகச் சுற்றுகிறேன். முப்பத்தேழு பாகை. எதற்கு முப்பத்தேழு பாகை? எதன் மூக்கிலிருந்து முப்பத்தேழு பாகை? படகுக்கு மூக்கு இருக்கிறது. இது தட்டு. தண்ணீரில் மிதக்கிற சோற்றுத்தட்டு, நடுவில் பருக்கை மாதிரி நான். எட்டு செமஸ்டர், ஒரு அரியர் இல்லை, இது வட்டமாக இருக்கிறது என்று தோன்றவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் வருமே, அதே இடத்தில், தொண்டைக்குக் கீழே. வந்தது சிரிப்பு. வாய்விட்டு, தனியாக, நடு ஆற்றில், அதற்குள் தலை கிறுகிறுத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், விளிம்பு சாய்ந்தது, ஒரு கை அளவு தண்ணீர் உள்ளே சரிந்து கணுக்காலை நனைத்தது, சிரிப்பு நின்றது. நடு ஆற்றில் இழுப்பு கரையில் இருந்த இழுப்பு இல்லை. தேங்காய்த் தொட்டியைக் கரையோரம் விட்டுவிட்டு நடு ஆற்றுக்கும் அதையே கணக்கு வைத்தேனே. சராசரி வேறு எடுத்தேன். தண்ணீர் இங்கே சத்தம் போடவில்லை, ஒரு பெரிய மாட்டின் முதுகு அசைகிற மாதிரி அடியில் அசைகிறது, என்னைத் தூக்கி எடை பார்க்கிறது. கீழே கதவணை இருக்கிறது. இங்கிருந்து மூன்று கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம், போடாதே, கணக்குப் போடாதே, போட்டுவிட்டேன், ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் இருக்கிறது. பரீட்சைக்கு மூன்று மணி நேரம் கொடுப்பார்கள். புனேயில் இறங்கினால் ஸ்டேஷனில் யாரைக் கேட்பேன், எந்த மொழியில் கேட்பேன், பெட்டி இரண்டு, கை இரண்டு, கதவை எப்படித் திறப்பேன், விடுதியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், இதெல்லாம் இப்போது எதற்கு, இப்போது தண்ணீர் வேண்டிய அளவு இருக்கிறது. அப்போது மேலேயிருந்து இன்னொரு பரிசல் மிதந்து வந்தது. சித்தையன் அண்ணன், பக்கத்துத் துறைக்காரர், வலை இழுத்துவிட்டு இறங்கி வருகிறார், வாயில் பீடி. நான் சுற்றுவதை இரண்டு சுற்று நிதானமாகப் பார்த்தார். "என்ன அம்முணி, நோம்பி ராட்டினமா? டிக்கெட்டு எங்க குடுக்கறாங்க?" "போங்கண்ணா." "பாவாயக்கா புள்ளதான நீயி? உங்கம்மா கண்ணக் கட்டி உட்டாலும் தாண்டுமே. கயிறு போடட்டுமா, கொண்டுபோயி உட்டர்றேன்." கயிறு அவர் காலடியில் சுருண்டு கிடந்தது, நைலான் கயிறு, நீலம், நான்கு முழம் தூரம்தான். கை நீட்டினால் போதும். அக்கரைக்குப் போய்விடலாம், டீ குடிக்கலாம், அம்மாவுக்கு அங்கிருந்து கயிறு தெரியாது. தனியாக என்று அம்மா சொன்னது. தனியாக. இந்த ஒரு வார்த்தையில் வந்து மாட்டிக்கொள்கிறேன், ஒவ்வொரு சுற்றிலும். "வேண்டாங்கண்ணா." "சத்தியமாவா?" "சத்தியமாங்கண்ணா." "அப்ப இப்படியே சுத்திட்டுப் போ, பவானில போயி சாமி கும்புட்டுட்டு வரலாம்" என்று சொல்லிவிட்டுப் பீடியை ஆற்றில் போட்டுவிட்டு, நாலு இழுப்பு, போய்விட்டார். நாலே இழுப்பு. நேராக.

நேராக எப்படிப் போனார்? அவர் போனதைக் கண்ணுக்குள் திரும்ப ஓட்டுகிறேன். பக்கத்தில் துழாவவில்லை. விளிம்பில் முட்டி போட்டு, துடுப்பைத் தனக்கு எதிரே, முன்னாலேயே குத்தி, சாணி வழிக்கிற மாதிரி தண்ணீரைத் தன்னை நோக்கி வழித்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, வளைத்து, திரும்ப வளைத்து. சட்டி அடியில் பிடித்த குழம்பைக் கிண்டுகிற கை. அம்மாவின் கை. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பிப் படித்திருக்கிறேன். நகர்ந்து விளிம்புக்குப் போகிறேன், முட்டி போடுகிறேன், பரிசல் எனக்கு எதிரே தாழ்கிறது, தண்ணீர் முகத்துக்குப் பக்கத்தில் வருகிறது, ஐயோ என்றிருக்கிறது, ஆனால் நிற்கிறது, சுற்றவில்லை. நான் எங்கே முட்டி போட்டேனோ அது முன்பக்கம். வேறு முன்பக்கம் இதற்குக் கிடையாது. குத்தி, வழித்து, வளைத்து. கொஞ்சம் ஆடியது. குத்தி, வழித்து, வளைத்து. நீலத் தகரம் எதிரே வந்து, ஆடி, எதிரேயே இருந்தது. இன்னொன்று. அட. இன்னொன்று. வருகிறது! தண்ணீர் என்னிடம் வருகிறது, வந்து பரிசலுக்கு அடியில் நுழைந்து பின்னால் போகிறது, நான் ஆற்றைக் கைப்பிடி கைப்பிடியாக எனக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு போகிறேன். தோள் எரிகிறது. வெயில் நேராகக் கண்ணில். மூக்கு நுனியில் வேர்வை, துடைக்கக் கை இல்லை, சொட்டட்டும். சத்தமாக ஏதோ சொல்கிறேன், என்ன சொல்கிறேன் என்று கேட்டால் நியூட்டன் விதி, மூன்றாவது விதி, ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் ராகத்தோடு. தேவையில்லாமல். யாருக்கும் கேட்காமல். ஒரு மீன்கொத்தி மேலே போயிற்று. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மேடையேறினபோது, இப்போது சந்தோஷமாக இருக்க வேண்டும், இப்போது சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கால் செருப்பு அறுந்துவிடுமோ என்ற நினைப்பில் ஒன்றும் தெரியவில்லை. இங்கே யாரும் சொல்லவில்லை. தானாக வந்துகொண்டிருக்கிறது, வயிற்றிலிருந்து, சோடா மாதிரி.

தலையை நிமிர்த்தியபோது நீலத் தகரம் இடப்புறம் வெகுதூரம் மேலே போயிருந்தது. சுற்றின சுற்றில் ஆறு என்னைக் கொண்டுபோன தூரம் அவ்வளவு. எதிரே துறை இல்லை, பெஞ்சு இல்லை, டீ இல்லை, ஒரு மஞ்சள் காடும் நாணல் புதரும். இனி மேலே ஏற முடியுமா? இந்த இழுப்புக்கு எதிரே ஏற முடியாது, அண்ணனாலும் முடியாது, அம்மாவாலும் முடியாது. அப்புறம் எப்படி எல்லோரும் சரியாக மாமா கடையிலேயே போய் இறங்குகிறார்கள்? அப்போதுதான் தெரிந்தது. காலையில் அண்ணன் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக மேலே நடப்பான், பெரிய ஆமை நிமிர்ந்து நடக்கிற மாதிரி, சித்தப்பா நடப்பார், அம்மா நடக்கும், அங்கேதான் மீன் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீனுக்கு இல்லை. ஆறு எவ்வளவு கீழே தள்ளுமோ அவ்வளவு மேலே முதலில் நடந்துவிடுகிறார்கள். ஆற்றோடு கோணத்தில் சண்டை போடுவதில்லை. கணக்கை நடந்தே போட்டுவிடுகிறார்கள். என் புத்தகத்தில் அந்த விடை இல்லை, படகைத் தலையில் தூக்கலாம் என்று யாரும் அதில் எழுதவில்லை. நாணல் சரசரவென்று விளிம்பில் உரசியது, அடியில் சேறு பிடித்தது, பரிசல் நின்றது. நின்றுவிட்டது. ஆறு எனக்குப் பின்னால் இருக்கிறது. முழு ஆறும்.

மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா மண்வெட்டியோடு வந்து நின்றாள். "யாரு நீயி? மீனு இருக்குதா?" "மீன் இல்லைங்கக்கா. நான் மட்டுந்தான்." "சும்மாவா வந்த?" "சும்மாதாங்க." என்னை மேலும் கீழும் பார்த்தாள், இடுப்புக் கேனில் கண் நின்றது. "சுத்துனது நீதானா? நானு யாரோ பரிசல உட்டுட்டாங்கன்னு நெனச்சேன்." போனைப் பையிலிருந்து, பையிலிருந்து எடுத்தேன், ஈர விரலில் இரண்டு தடவை தவறான ஆளுக்குப் போயிற்று. இங்கிருந்து மேலே நடந்து போய் மாமா கடையில் டீ குடித்துவிட்டு அங்கிருந்து போன் செய்யலாம். வளைவு மறைக்கிறது, எங்கள் துறையில் யாருக்கும் இந்த இடம் தெரியாது. தாண்டினேன், டீ குடித்தேன், இரண்டும் உண்மை. இரண்டு உண்மைக்கு நடுவில் ஒரு மஞ்சள் காடு. அங்கேயே நின்று மூன்றாவது தடவை போட்டேன், அம்மா எடுத்தது. எடுத்ததும் கேட்டது, "எங்க ஏறுன?" தாண்டினாயா என்று கேட்கவில்லை. சொன்னேன், "மாமன் கடைல இல்லீம்மா. கீழ மஞ்சக் காட்டுல ஏறிட்டேன். நடுவுல சுத்திப்போட்டேன்." மறுமுனையில் செதில் சுரண்டுகிற சத்தம் நின்றிருந்தது. சரசக்கா எதையோ கேட்க, அம்மா உஷ் என்றது. போச்சு, புனே போச்சு, கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது, மதிப்பிற்குரிய ஐயா, ஆற்றில் சுற்றிவிட்டதால். "பரிசலு எங்க?" "இங்கதாம்மா." "ஓட்டை ஒண்ணும் இல்லியே?" "இல்லீம்மா." "அப்பறம் என்னத்துக்குப் போனப் புடிச்சுட்டு நிக்கற? அதக் கட்டிப்போட்டு மாமன் வண்டில பாலஞ் சுத்தி வந்தீன்னா புனே கெடையாது. நீ கொண்டுபோனது, நீ கொண்டா. டீயக் குடிச்சுப்போட்டு வா. சக்கரை போட்டுக் குடி." வைத்துவிட்டது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை தாண்ட வேண்டும்! பயம் வரவேண்டிய இடத்தில் கை தானாகத் துடுப்பைத் தேடுகிறது. "அக்கா, இதத் தூக்கி என்ற தலைல வெச்சு உடறீங்களா?" "உன்னால ஆவாது கண்ணு." "வெச்சு உடுங்கக்கா, பாக்கலாம்." வைத்தாள். உலகம் இருட்டிவிட்டது. தார் வாசம், மீன் வாசம், என் மூச்சுச் சத்தம், தெரிவது என் இரண்டு பாதமும் அவற்றுக்கு முன்னால் ஒரு முழம் மண்ணும் மட்டும். கழுத்து உள்ளே போகிறது. ஒரு அடி. இன்னொரு அடி. மேலே, மேலே. பத்து அடிக்கு ஒரு தடவை நின்றேன், நான்கு தடவை இறக்கினேன், இரண்டு தடவை யாராவது தூக்கிவிட்டார்கள், அவர்கள் முகம் பார்க்கவில்லை, காலை மட்டும் பார்த்தேன். எங்கேயோ பக்கத்தில் மாமாவின் குரல், "அட யாருப்பா அது பரிசலுக்குள்ள? இந்துவா? அட சாமி! எறக்கு, எறக்கு!" இறக்கினேன், டீ குடித்தேன், சர்க்கரை போட்டு, நின்றுகொண்டே, சுடச்சுட, நாக்கு பொத்துப்போயிற்று. "இங்கயே தண்ணில உடு, நானு புடிச்சுக்கறேன்" என்றார் மாமா. "இங்க இல்லீங்க மாமா, இன்னும் மேல போகோணும், தலைல வெச்சு மட்டும் உடுங்க" என்றேன். மாமா என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். எங்கள் துறை அங்கே எதிரே, பச்சைப் புடவை ஒரு புள்ளி. மறுபடியும் இருட்டு, தார், என் பாதங்கள். கோபுரத்தைத் தாண்டி, அதற்கும் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே.

இந்த இடத்தில் இந்துமதி எப்போதும் நிறுத்திவிடுவாள். திரும்பி வந்ததைச் சொல்வதில்லை. கேட்டால், "அம்மா கால் பக்கத்துலயே வந்து நின்னுதுடி" என்று மட்டும் சொல்வாள். பரிசலைச் சொல்கிறாள்.

எதையும் சரிபார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. வேலையில் சேர்ந்த மாதம் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய பயணப் படிவத்தை அவளுக்கும் சேர்த்து நான்தான் நிரப்பினேன். அதனோடு இணைக்க அவளுடைய ரயில் டிக்கெட்டை வாங்கினேன். ஈரோட்டில், கவுன்டரில் எடுத்தது. அவள் ஆற்றைத் தாண்டியது ஜூலை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை; அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு அம்மா அந்த டிக்கெட்டைக் கையில் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறாள். டிக்கெட் எடுத்த நாள் அதிலேயே சின்ன எழுத்தில் இருந்தது. மாதேஷ் அண்ணனுக்குப் போன் போட்டும் கேட்டேன், அவர் போய் எடுத்து வந்த நாளும் அதுதான், அம்மாதான் அனுப்பியிருக்கிறார். ஜூலை பதினொன்று, வியாழக்கிழமை.